கட்டியும் அந்த உடம்பில்தான் இருக்கிறது

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கேன்சர் என்று தெரிந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். முன்பெல்லாம் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, இளநீர் என்று வரும். இப்போது அவற்றோடு மாத்திரை டப்பாவும் சேர்ந்துகொண்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இருக்கிற சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு டப்பா கட்டாயம் வந்துவிடும். அதன்மேல் பெரிய எழுத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று போட்டிருக்கும். செல்லைத் தாக்கும் வீரியமான ஆக்ஸிஜனை அடக்கும் பொருள் என்று அர்த்தம். உச்சிப்புளிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன் என்பதால், டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, இதே மாதிரி இங்க கிடைக்குமா?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம், பீட்டா கரோட்டின், குளூட்டாதயோன் என்று பெயர்கள் மாறும். கேட்பவரின் முகத்தில் இருக்கும் நம்பிக்கை மட்டும் மாறாது. வீட்டில் ஒருவர் வாந்தியும் வாய்ப்புண்ணுமாகச் சுருண்டு கிடக்கும்போது, கையில் கொடுக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த அன்பின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த டப்பா என்ன செய்கிறது என்ற கேள்வி, என் அக்கா வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி வந்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

மச்சானுக்கு மீன் யாவாரம். பாம்பனில் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புவார். ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல் என்று ஜெலுசில் குடித்துக்கொண்டிருந்தவர், எடை குறைந்து, சாப்பாடு பாதியிலேயே போதும் என்றாகி, கடைசியில் மதுரையில் எண்டோஸ்கோப்பி செய்தபோது விஷயம் தெரிந்தது. முதலில் கீமோ, அப்புறம் அறுவை சிகிச்சை, பிறகு மறுபடியும் கீமோ என்று திட்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கு சுற்று, அறுவைக்குப் பின் இன்னொரு நான்கு. இரைப்பைப் புற்றுநோய்க்கு இப்போது பல இடங்களில் கொடுக்கும் முறை இதுதான். 5-எஃப்யூ, லூக்கோவோரின், ஆக்ஸாலிபிளாட்டின், டோசிடாக்செல் என்று நான்கு மருந்துகள் சேர்ந்தது. அதில் ஆக்ஸாலிபிளாட்டினுக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். வாழ்நாளெல்லாம் ஐஸ் கட்டியை உடைத்த மனிதருக்கு ஐஸ் பெட்டி பக்கமே போக முடியவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நோயைப் பற்றிக்கூட அவ்வளவு பேசமாட்டார்.

மேசைமேல் கொட்டிய பை

அறுவைக்கு முந்தைய சுற்று ஒன்றுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்: "வேற எதாவது மருந்து எடுக்கிறீங்களா?" மச்சான் இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான், ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்டிருந்த எதையும் மருந்து என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாம் சத்து. அக்காதான் கொஞ்சம் தயங்கி, கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைத் திறந்தாள். டாக்டரம்மா அதை வாங்கி மேசைமேல் கொட்டினார். சிங்கப்பூர் டப்பா ஒன்று. நம்மூர் மல்டிவைட்டமின் அட்டை. தண்ணீரில் போட்டால் பொங்கும் பெரிய மாத்திரை. யாரோ கொடுத்த கடல்பாசிப் பொடி. வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து இரண்டு பக்கமாகப் பிரித்தார். கடலையும் பேரீச்சையும் அக்கா பக்கம் திரும்பி வந்தன. மற்றவை அவர் பக்கமே இருந்தன.

"இதெல்லாம் கீமோ முடியிற வரைக்கும் வேண்டாம்மா" என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சத்து மாத்திரைதானே டாக்டர், உடம்புக்கு நல்லதுன்னுதானே குடுக்கிறோம்?" என்றாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "உடம்புக்கு நல்லதா இருக்கலாம்மா. ஆனா அந்தக் கட்டியும் அவர் உடம்புலதானே இருக்கு?"

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவருக்கு அதற்குமேல் விளக்க நேரமில்லை. மருந்துக்கடை அனுபவத்தில் கீமோ மருந்துகளின் பெயரும் பக்க விளைவும் எனக்குத் தெரியும். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை அன்றைக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குள் முப்பது நாற்பது வருட ஆராய்ச்சி அடங்கியிருப்பது தெரிந்தது.

நெருப்பில் வளர்ந்த செல்

இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அமைதியான வயிற்றில் பிறப்பதில்லை. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி வருடக்கணக்கில் குடியிருந்து புண்ணாக்கிய வயிற்றில் பிறக்கிறது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என்று அறிவித்துவிட்டது. உப்பு அதிகம் சேர்த்துப் பதப்படுத்திய உணவும் அந்த ஆபத்தைக் கூட்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத எங்கள் கரைக்கு இது சங்கடமான செய்திதான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கிருமி இருக்கும் இடத்துக்கு வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. கிருமியைக் கொல்ல அவை வீசுவது வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை. கிருமியோ சாவதில்லை. பக்கத்தில் இருக்கும் வயிற்றுச் செல்கள்தான் தினமும் அந்த நெருப்பில் வேகின்றன. மரபணு உடைகிறது, தப்பும் தவறுமாக ஒட்டப்படுகிறது, சில செல்கள் தறிகெட்டுப் போகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படித் தறிகெட்ட செல்லும் அதே நெருப்புக்குள்தான் வளர்ந்தாக வேண்டும். அது தாறுமாறாகப் பெருகுவதாலேயே அதன் உள்ளேயும் அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கூடுகின்றன. ஆகவே தன்னைக் காத்துக்கொள்ள வழி கண்டுபிடித்த செல்தான் மிஞ்சும். அந்த வழியில் முக்கியமானது குளூட்டாதயோன். குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு. சிஸ்டீனில் இருக்கும் கந்தக அணுதான் அதன் கை. அந்தக் கையால் அது வீரியமான ஆக்ஸிஜனை அடக்கிவிடும். நம் உடம்பின் எல்லாச் செல்லிலும் அது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தோல் வெளுக்க என்று ஊசியாகவும் மாத்திரையாகவும் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு விற்கிறார்களே, அதே குளூட்டாதயோன்தான்.

ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஹிதேயுகி சாயா குழுவினர் 2011-ல் இரைப்பைப் புற்றுநோய்ச் செல்லில் ஒரு விஷயத்தைக் கண்டு சொன்னார்கள். சில செல்களின் மேற்பரப்பில் சிடி44 என்ற புரதத்தின் ஒரு மாற்று வடிவம் இருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் எக்ஸ்சிடி என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து நிலையாக நிறுத்துகிறது. எக்ஸ்சிடியின் வேலை, வெளியிலிருந்து சிஸ்டைனை, அதாவது இரண்டு சிஸ்டீன் சேர்ந்த இரட்டையை, செல்லுக்குள் இழுத்துக் கொடுப்பது. சிஸ்டைன் உள்ளே வந்தால் சிஸ்டீன் ஆகும், சிஸ்டீன் இருந்தால் குளூட்டாதயோன் பெருகும். குளூட்டாதயோன் நிறைய வைத்திருக்கும் செல் எளிதில் சாகாது. கட்டி திரும்ப முளைப்பதற்கு வேராக இருப்பவை இப்படிப்பட்ட செல்கள்தான் என்பது அவர்கள் வாதம்.

இனி மருந்துக்கு வருவோம். ஆக்ஸாலிபிளாட்டினும் அதன் மூத்த உறவான சிஸ்பிளாட்டினும் பிளாட்டினம் உலோகத்தை மையமாகக் கொண்டவை. 1965-ல் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும்போது, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்த பொருள் செல் பிரிவதை நிறுத்துவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வந்த குடும்பம் இது. பிளாட்டினம் செல்லின் மரபணு இழையில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்க வேண்டும். ஆனால் பிளாட்டினத்துக்குக் கந்தகம் என்றால் கொள்ளைப் பிரியம். வழியில் குளூட்டாதயோன் நிறைய இருந்தால் அதன் கந்தகக் கையில் மாட்டிக்கொள்ளும். பிறகு செல் அந்த இரண்டையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். மரபணுவைப் போய்த் தொடும் பிளாட்டினம் குறைந்துபோகும். அதோடு, மருந்து உள்ளே கிளப்பும் ஆக்ஸிஜன் தாக்குதலையும் அதே குளூட்டாதயோன் தணித்துவிடும். மருந்துக்கு மசியாத செல் என்று டாக்டர்கள் சொல்வதன் பின்னால் பல காரணங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று, சின்னக் காரணமும் அல்ல.

மேசைமேல் இருந்த பொங்கும் மாத்திரை அசெடைல்சிஸ்டீன். சளியை இளக்குவதற்கும், பாராசிட்டமால் அளவு மீறிப் போனவர்களின் ஈரலைக் காப்பாற்றுவதற்கும் கொடுப்பது. ஈரலை அது எப்படிக் காப்பாற்றுகிறது? சிஸ்டீன் கொடுத்து, குளூட்டாதயோனை நிரப்பி. நல்ல மருந்து, உயிர் காக்கும் மருந்து. 2014-ல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள், நுரையீரலில் கட்டி வளரும்படி செய்த எலிகளுக்கு இதையும் வைட்டமின் ஈ-யையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே கட்டி வேகமாக வளர்ந்தது. எலி வேறு, மனிதன் வேறு, நுரையீரல் வேறு, வயிறு வேறு என்பதெல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காமல் ஒரு கீமோ நோயாளிக்குத் தினமும் கலக்கிக் கொடுக்கக் கூடிய பொருள் அல்ல அது என்று சொல்ல, எனக்கு இதுவே போதும்.

அன்று திரும்பும்போது பரமக்குடி தாண்டியபின் பஸ்ஸில் மச்சானிடம் எனக்குத் தெரிந்தவரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவர், "ஐஸுக்கு யார் மீனுன்னு தெரியுமா மாப்ள? நம்ம மீனையும் கெடாம வைக்கும், அடுத்தவன் மீனையும் கெடாம வைக்கும்" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

மனிதர்களிடம் பார்த்தபோது

சத்து மாத்திரை விஷயத்தில் எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் லின்ஷியன் பகுதியில் 29,584 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1993-ல் வெளியானது. சாப்பாட்டில் சத்துக் குறைவு, உணவுக்குழாய் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம் என்று இரண்டும் சேர்ந்த ஊர் அது. அங்கே பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்த்து எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய்ச் சாவு 21 சதவீதம் குறைந்தது. மாத்திரை விற்பவர்கள் இதை மட்டும் சொல்வார்கள். அடுத்த வருடமே பின்லாந்தில் 29,133 ஆண் புகையாளிகளிடம் நடந்த ஆய்வு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னொரு ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கே கூடியது 28 சதவீதம்.

இவை ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. சத்தே இல்லாத உடம்பில், கட்டி பிடிக்கும் முன்பு, நெருப்பைக் கொஞ்சம் தணிப்பது ஒரு கதை. ஏற்கனவே கேடு தொடங்கிவிட்ட உடம்பில், காவல் தேடும் செல்லுக்கு மேலும் காவல் கொடுப்பது வேறு கதை. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுப்பது மூன்றாவது கதை. அந்த மூன்றாவதைப் பற்றி மனிதர்களிடம் கிடைத்த தகவல் குறைவு. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. புள்ளியியல் கணக்கில் விளிம்பில் நிற்கும் எண் அது, மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க வைக்கும் எண்.

என்னை உண்மையில் குழப்பியது வேறொன்று. 1995-ல் இத்தாலியில், முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் எடுத்த 50 பேரில் பாதிப் பேருக்கு குளூட்டாதயோனையே ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். சிஸ்பிளாட்டினால் கை கால் நரம்பு கெடுவதைத் தடுக்கத்தான். நரம்புப் பாதிப்பு குறைந்தது, மருந்தின் பலனும் குறையவில்லை. இதைப் படித்ததும் அதுவரை படித்ததெல்லாம் ஆட்டம் கண்டது. விடை, குளூட்டாதயோன் எங்கே இருக்கிறது என்பதில்தான் என்று பிறகு புரிந்தது. ரத்தத்தில் ஏற்றிய குளூட்டாதயோன் அப்படியே முழுசாகச் செல்லுக்குள் எளிதில் போவதில்லை. செல் தானே உள்ளே தயாரிப்பதுதான் பெரும்பங்கு. கட்டிச் செல்லின் பலம் அதன் தயாரிப்புத் திறனில் இருக்கிறது, ரத்தத்தில் மிதப்பதில் இல்லை. பிற்பாடு 185 பேரை வைத்து வேறு கீமோவோடு நடந்த அமெரிக்க ஆய்வில் அந்த நரம்புப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. ஆக, 'குளூட்டாதயோன் விஷம்' என்றும் சொல்ல முடியாது, 'குளூட்டாதயோன் காவல்' என்றும் சொல்ல முடியாது. எந்த மருந்தோடு, எந்த வழியாக, எப்போது என்று கேட்காமல் பதில் சொல்பவர் எவரையும் நான் இப்போது நம்புவதில்லை.

அந்தத் தயாரிப்பையே தடுத்துப் பார்க்கலாமே என்று ஜப்பானியர்கள் யோசித்தார்கள். எங்கள் கடையில் மூட்டுவாதத்துக்கு வாங்கிப் போகும் சல்ஃபாசலசின், எக்ஸ்சிடி புரதத்தை அடைக்கும். சிடி44-ன் அந்த மாற்று வடிவம் உள்ள இரைப்பைப் புற்றுநோயாளிகள் 11 பேருக்கு அதை ஒரு நாளைக்கு 12 கிராம் வரை கொடுத்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுப்பதைப்போல் பல மடங்கு. சிலருடைய கட்டியில் அந்த முரட்டுச் செல்கள் குறைந்திருந்தன, ஆனால் அதிக அளவில் சிலருக்குப் பசியே அடைத்துப்போனது. குணமாக்கும் மருந்து என்று யாரும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது கடைக்கு வந்து அந்த மாத்திரையைக் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

பாசிப் பொடி

பையில் இருந்தவற்றில் என் மனதை அதிகம் சங்கடப்படுத்தியது அந்தக் கடல்பாசிப் பொடிதான். பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா பக்கத்துப் பெண்கள் கைவிரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி எடுக்கிற பாசி எங்கள் கரையின் சோறு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வாயில் வரும் பெயர்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்தப் பாசியில் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது என்பது பொய் அல்ல. தண்ணீர் வற்றும்போது பாறையில் ஒட்டிக்கொண்டு சித்திரை வெயிலை நேராக வாங்குகிற செடி அது. அவ்வளவு வெளிச்சத்தில் உள்ளே கிளம்பும் ஆக்ஸிஜன் தாக்குதலைச் சமாளிக்க, தனக்கான காவலை அதுவே தயாரித்துக்கொள்கிறது. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் அதற்கென்றே தனி வகைப் பொருட்கள் உண்டு. இந்தக் கரைக்குப் பெருமையான விஷயம். 1947-ல் தொடங்கி, பிறகு மண்டபத்துக்கு வந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் முதல் இன்றுவரை எத்தனையோ பேர் உழைத்து அறிந்தது.

ஆனால் பாசிக்குப் பாசியைக் காப்பாற்றத் தெரியும். அதைப் பொடித்து ஒரு கீமோ நோயாளிக்குக் கொடுத்தால் எந்தச் செல்லைக் காப்பாற்றும் என்று அதற்குத் தெரியாது. பொட்டலத்தில் 'புற்றுநோயை எதிர்க்கும்' என்று அச்சடிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. சோதனைக் குழாயில் புற்றுநோய்ச் செல்மேல் சாற்றை ஊற்றி அது செத்ததைப் பார்ப்பதும், அதே பொடி மனிதன் வயிற்றில் போய்ச் செய்வதும் ஒன்றல்ல. இந்தப் பொடி விற்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்று பொட்டலத்தின் முன்பக்கத்தில் தமிழில் அச்சடியுங்கள். பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பு இதனால் கெடாது. அவர்கள் எடுப்பதில் பெரும்பங்கு, கெட்டிப்படுத்தும் பொருட்களான அகர் அகருக்கும் ஆல்ஜினேட்டுக்கும்தான் போகிறது.

பயம் மறுபக்கம் போனபோது

மச்சானுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு விதமான பயம் பிடித்தது. நெல்லிக்காய் கூடாது, முருங்கைக்கீரை கூடாது, தக்காளி கூடாது, எலுமிச்சை கூடாது. எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று யூடியூப் பார்த்து ஒவ்வொன்றாக அடுப்படியிலிருந்து விலக்கினாள். வயிறு இல்லாத மனிதர், வேளைக்கு நான்கு வாய் சாப்பிடுவதே பெரும்பாடு. அதிலும் இத்தனை கழித்தால் என்ன மிஞ்சும்? எடை இன்னும் இறங்கியது. இந்தச் சிகிச்சையில் எடை இறங்குவது தனி ஆபத்து. கீமோவைத் தாங்கும் தெம்பே போய், அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டியதாகிவிடும். அடுத்த முறை டாக்டரம்மாவே அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். கீரையிலும் பழத்திலும் இருக்கும் அளவு வேறு, மாத்திரையில் அடைத்திருக்கும் அளவு வேறு. சாப்பாட்டை விலக்கச் சொல்லி அவர் ஒருநாளும் சொல்லவில்லை. முதல் நாளே கடலையையும் பேரீச்சையையும் அக்கா பக்கம்தான் தள்ளிக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல் பி12 ஊசியில் வந்தது. நான் மேலே சொன்ன 2020 ஆய்வில், கீமோ காலத்தில் பி12 மாத்திரை எடுத்தவர்களுக்கும் முடிவு மோசமாகத் தெரிந்தது என்று ஒரு வரி உண்டு. அதை யாரோ தமிழில் வீடியோவாகப் போட, அக்கா மச்சானின் ஊசியை நிறுத்தப் பார்த்தாள். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு வயிறு இருந்தது. பி12 குடலில் உறிஞ்சப்பட வேண்டுமானால் இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வேண்டும். இரைப்பையையே எடுத்துவிட்ட மனிதருக்கு அந்தத் துணை இல்லை. ஈரலில் இருக்கும் சேமிப்பு தீர்ந்தபின் ஊசி இல்லாவிட்டால் ரத்தசோகையும் வரும், நரம்பும் கெடும். ஆக்ஸாலிபிளாட்டினால் ஏற்கனவே மரத்துப்போன விரல்கள் அவருடையவை. நான் சொன்னது போதாமல், மதுரைக்கே போன் போட்டு டாக்டரம்மாவையும் சொல்ல வைத்தபிறகுதான் அக்கா சம்மதித்தாள். இப்போது எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா மாதம் ஒருமுறை அந்த ஊசியைப் போட்டுவிடுகிறார்.